பரிசில் கடாநிலை முதல் சந்தா வேண்டுகோள் வரை: பொருள் கேட்கும் எழுத்தும் அதன் வாசகரும்

ஆய்வுச் சுருக்கம்

வாசகரைத் திரட்டுவதும் வாசகரிடமிருந்து வருவாய் பெறுவதும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்றே தமிழ் இலக்கிய வரலாற்றெழுத்து பெரும்பாலும் கொள்கிறது. இக்கட்டுரை அவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கிறது. உ.வே. சாமிநாதையரின் கையொப்ப முறை, பாரதியின் சீட்டுக்கவியும் (1919) சுற்றறிக்கையும் (1920), சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழ் தனக்கு விதித்துக்கொண்ட படி எல்லை, அண்மைக்கால இணைய எழுத்து ஆகியவற்றைப் பொருள் கேட்கும் பனுவல்களாக வாசித்து, தமிழ் எழுத்தைத் தாங்கியவர்கள் யார், அத்தாங்குதலுக்காகத் திறனாய்வு கொடுத்த விலை என்ன என்னும் வினாக்களை எழுப்புகிறது.

திறவுச்சொற்கள்: கையொப்பம், சந்தா, சீட்டுக்கவி, சிற்றிதழ், புரவலர், வாசகர், சாற்றுகவி

1

தமிழ் எழுத்தாளரின் வறுமை பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவர் பணம் கேட்ட விதம் பற்றி எழுதப்பட்டது குறைவு. வறுமை இரக்கத்துக்கு உரிய பொருளாதலின் அதைப் பேசுவது எளிது. பணம் கேட்டல் கூச்சத்துக்கு உரியது. ஆகவே வாழ்க்கை வரலாறுகள் அதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. ஆனால் பழந்தமிழ் மரபுக்கு இக்கூச்சம் இருந்ததில்லை. புறநானூற்றின் பாடாண் திணைப் பாடல்களில் பரிசில் துறை, பரிசில் கடாநிலை, பரிசில் விடை எனத் தனித்தனித் துறைகள் வகுக்கப்பட்டுள்ளன. பொருள் கேட்பதற்கும், கேட்டது காலந்தாழும்போது வற்புறுத்துவதற்கும், பெற்றபின் விடைகொள்வதற்கும் வெவ்வேறு சொல்முறைகள் உண்டு என்பதை அப்பகுப்பு ஒப்புக்கொள்கிறது. ஆற்றுப்படை இன்னும் ஒரு படி மேலே சென்று, பொருள் கிடைக்கும் இடத்தை மற்றவருக்கும் காட்டிக்கொடுக்கிறது.

அச்சு வந்தபின் இத்துறைகள் மறைந்துவிடவில்லை. உரைநடைக்கு இடம் மாறின. விளம்பரம், நூன்முகம், கையொப்ப வேண்டுகோள், சுற்றறிக்கை, சந்தா அறிவிப்பு என்பன அவற்றின் புதிய பெயர்கள். தமிழ்ப் பதிப்புலகம் புரவலரிடமிருந்து சந்தையை நோக்கி நகர்ந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ஆய்வுகள் விரிவாக எடுத்துரைத்துள்ளன. அந்த வரலாற்றுக்கு அடியில் கிடக்கும் பனுவல்களை, பொருள் கேட்பவர் தம் வாசகரை எவ்வாறு கற்பனை செய்கிறார் என்னும் நோக்கில் படிப்பதே இங்கு மேற்கொள்ளப்படும் பணி. கேட்கும் குரலை வைத்துக் கேட்கப்படுபவரின் உருவத்தை ஓரளவு வரைந்துவிட முடியும்.

இந்த வாசிப்புக்கு ஒரு கருத்துக்கருவி தேவை. புறநானூற்றின் 208ஆம் பாடலே அதைத் தருகிறது. அதியமான் நெடுமான் அஞ்சி, பரிசில் நாடி வந்த பெருஞ்சித்திரனாரைக் காணாமலேயே பொருளை மட்டும் அனுப்பிவைக்கிறான். தாம் வணிக நோக்கில் வந்த பரிசிலர் அல்லர் என்று சொல்லிப் புலவர் அதை மறுத்துவிடுகிறார். தம் தகுதியை அறிந்து, முகம் கண்டு தருவது சிறிதாயினும் போதும் என்பது அவர் நிலைப்பாடு. பொருளின் அளவு அங்கே சிக்கலே அன்று. தருபவர் பாடினவரைக் கண்டாரா என்பதே சிக்கல். கண்டு தருதல், காணாது தருதல் என்னும் இவ்வேறுபாட்டைப் புலவரின் தன்மான உணர்ச்சியாக மட்டும் உரையாசிரியர்களும் நாமும் படித்து வந்திருக்கிறோம். எழுத்தின் பொருளியலை விளக்கும் வேறுபாடாகவும் அதைப் படிக்கலாம். அச்சுக்குப் பிந்தைய எழுத்தாளர் முகம் காணாத வாசகருக்காக எழுதுகிறார். அவருக்குப் பணம் யாரிடமிருந்து வந்தது?

2

உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் 1887இல் வெளியிட்டார். கல்லூரி ஆசிரியரின் சம்பளத்தில் அத்தகைய பெருநூலை அச்சிட இயலாது. ஆகவே நூல் வெளிவருமுன்பே வாங்குவதாக உறுதியளிப்போரிடம் கையொப்பம் பெறும் முறையை அவர் கைக்கொண்டார். இம்முறை அவர் கண்டுபிடிப்பன்று. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அலெக்சாண்டர் போப் ‘இலியட்’ மொழிபெயர்ப்பை ஆறு தொகுதிகளாக, தொகுதிக்கு ஒரு கினி வீதம் முன்பதிவு பெற்று வெளியிட்டதும், பதிவு செய்தோர் பெயர்களை நூலிலேயே அச்சிட்டதும் பரவலாக அறியப்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்புலகிலும் கையொப்பக்காரர் என்னும் சொல் புழக்கத்தில் இருந்தது.

அச்சொல்லை நின்று நோக்க வேண்டும். வாங்குபவர் என்றோ படிப்பவர் என்றோ அது சொல்லவில்லை. கையொப்பம் என்பது கடன் பத்திரத்திலும் சாட்சிப் பத்திரத்திலும் இடப்படுவது. அதை இட்டவர் தம் பெயரைப் பணயமாக வைக்கிறார். இன்னாருடைய நட்பால் இன்னாரிடம் சென்றேன், அவர் இத்தனை படிகளுக்கு ஒப்பமிட்டார் என்ற வகையில் விரியும் உறவுச் சங்கிலி அது. கையொப்பமிட்டவர்களுள் வழக்கறிஞர், அரசு அலுவலர், மிராசுதார், மடத்தைச் சார்ந்தோர் எனப் பலர் இருந்திருப்பர். அவர்கள் அனைவரும் சிந்தாமணியை உரையோடு படித்து முடித்தவர்கள் எனக் கொள்ள வேண்டியதில்லை. பலருக்கு அது தமிழுக்குச் செய்த கடமை. சிலருக்குக் கேட்டு வந்தவரின் முகத்துக்குச் செய்த மரியாதை.

இதனாலேயே கையொப்ப முறையைச் ‘சந்தையின் தொடக்கம்’ என்று மட்டும் விளக்குவது முழுமையாகாது. அது பரிசில் மரபைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பலருக்குப் பகிர்ந்தளித்த ஏற்பாடு. ஒரு குமணனுக்குப் பதில் சில நூறு சிறு குமணர்கள். கண்டு தருதல் என்னும் பண்பு அதில் குலையவில்லை. புறநானூற்றை 1894இல் அச்சேற்றியவரும் இதே உ.வே.சா. என்பது தற்செயலான இணைவுதான். எனினும் பரிசில் துறைகளைப் பாட வேறுபாடு நோக்கிப் பதிப்பித்தவர் தாமே பரிசிலராகவும் நடக்க நேர்ந்தது என்பதை மறந்து அப்பதிப்பைப் படிக்க இயலவில்லை.

சி.வை. தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகளில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். ஏடுகள் செல்லரித்து உதிர்வதைச் சொல்லும் அவர் குரலில் வேண்டுகோளைவிடக் கண்டனமே மிகுதி. தமிழ் அழிகிறது, கைப்பொருள் உடையோர் வாளா இருக்கின்றனர் என்பது அதன் தொனி. பரிசில் கடாநிலையின் வற்புறுத்தல் அப்படியே உரைநடையில் இறங்கியிருக்கிறது. அவரும் பேசுவது முகமறிந்த செல்வரிடந்தான்.

முகமறியா வாசகர் உ.வே.சா.வின் வாழ்விலும் பின்னர் வந்து சேர்ந்தனர். ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. அவ்விதழை 1928இல் 200 ரூபாய்க்கு வாங்கிய எஸ்.எஸ். வாசன், அஞ்சல்வழி வணிகத்தில் தேர்ந்தவர். பரிசுப் போட்டிகளால் விற்பனையைப் பெருக்கியவர். கையொப்பத்துக்காக வீடுவீடாகச் சென்ற கதையை, குறுக்கெழுத்துப் போட்டிக்காகவும் இதழ் வாங்கிய வீடுகள் வாரந்தோறும் படித்தன. தமிழில் வாசகர்த் திரள் உருவான வழி அதுவே. அத்திரளுக்குத் தனியோர் எழுத்தாளரைத் தாங்கும் கடமை ஏதும் இருக்கவில்லை. இதழின் விளம்பரதாரர் அதைப் பார்த்துக்கொண்டனர்.

3

இவ்விரு முறைகளுக்கும் நடுவில் ஒரே மனிதர் நின்று, இரண்டு ஆண்டுகளில் இரண்டு வகையாகவும் பொருள் கேட்டார். பாரதியின் இவ்விரு பனுவல்களையும் அருகருகே வைத்துப் படிப்பது பயனுடையது.

1918இன் இறுதியில் விடுதலையான பாரதி கடையத்தில் வாழ்ந்தார். 1919இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதினார். செய்யுள் வடிவிலான கடிதம் அது. அம்மரபின் எல்லா உறுப்புகளும் அதில் உண்டு. மன்னனின் புகழ் பேசப்படுகிறது. கவிஞர் தம்மைத் தாமே உயர்த்திப் பேசுகிறார். பெருங்கவிஞர் இல்லை என்னும் தமிழ்நாட்டின் குறை தம்மால் நீங்கியது என்கிறார். இறுதியில் பொன்னும் பல்லக்கும் பரிவாரமும் பரிசாகக் கேட்கிறார். ‘இந்தியா’ இதழை நடத்திய, முடியாட்சியைப் பல்லிடத்தும் எள்ளிய பாரதி இதை எழுதினாரா எனத் திகைத்தோர் உண்டு. இதை வறுமையின் கட்டாயம் என்று விளக்கி ஒதுக்குவது வழக்கம். அவ்விளக்கம் போதாது. பல்லக்கு கேட்பவர் அரிசிக்குப் பணம் கேட்கவில்லை. ஒரு துறையின் இலக்கணத்தை நிறைவு செய்கிறார். அத்துறையில் கேட்பவரும் கேட்கப்படுபவரும் சமமாக நிற்கலாம் என்பதால் அது அவருக்குப் பொருந்தியது. அரண்மனையிலிருந்து எதிர்பார்த்த உதவி வரவில்லை.

அடுத்த ஆண்டு, 1920இல், அவர் நண்பர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை முற்றிலும் வேறு உலகத்தைச் சேர்ந்தது. தம் எழுத்துகள் அனைத்தையும் 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் முதற்பதிப்பாக அச்சிடுவது திட்டம். மொத்தம் 4 லட்சம் படிகள். தொடக்கச் செலவு 20,000 ரூபாய். ஓராண்டில், மிஞ்சினால் ஈராண்டில், நிகர இலாபம் ஒன்றரை லட்சம் ரூபாய் வரும் என்று கணக்கிடுகிறார். நண்பர்களிடம் அவர் கேட்பது நன்கொடையன்று, கடன். அதற்குப் புரோநோட்டு எழுதித் தருவதாகவும் மாதம் 2 விழுக்காடு வட்டி தருவதாகவும் சொல்கிறார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைவிட எளிதாகத் தம் நூல்கள் விலைபோகும் என்னும் உறுதி இத்திட்டம் பற்றிய அவர் எழுத்தில் வெளிப்படுகிறது.

அவர் தந்த எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். 4 லட்சம் படிகளில் ஒன்றரை லட்சம் இலாபம் என்றால் படி ஒன்றுக்கு ஆறு அணா. தொடக்கச் செலவு படிக்கு ஓரணாவுக்கும் குறைவு. எல்லா நூல்களையும் ஒருசேர அச்சிடுவதற்குரிய தொகையாக இது தோன்றவில்லை. முதலில் வந்தவற்றின் விற்பனை பின்னே வருவனவற்றைத் தாங்கும் என்று அவர் கருதியிருக்க வேண்டும். வட்டியோ ஆண்டுக்கு 24 விழுக்காடு. 20,000 ரூபாயும் கடனாகவே வந்திருந்தால் மாதந்தோறும் 400 ரூபாய் வட்டிக்கு மட்டும் போயிருக்கும். திட்டம் மெய்ப்பட வேண்டுமானால் விற்பனை உடனே தொடங்கி இடையறாது நடந்தாக வேண்டும். கனவு என்று இதைச் சிரித்துத் தள்ளுவோர், கணக்கில் உள்ள துணிவைப் பார்க்கத் தவறுகின்றனர்.

ஆனால் நம் நோக்கில் முதன்மையானது வேறு. சீட்டுக்கவியில் படிப்பவரும் தருபவரும் ஒருவரே. சுற்றறிக்கையில் அவர்கள் இருவேறு கூட்டத்தார். பணம் தர வேண்டியவர்கள் பாரதியை அறிந்த சில நண்பர்கள். படிக்க வேண்டியவர்கள் அவர் அறியாத 4 லட்சம் கைகள். முகம் காணாதவரை நம்பி, முகம் கண்டவரிடம் கடன் கேட்கிறது அந்தப் பனுவல். தமிழ் உரைநடையில் வாசகர் என்னும் பெருந்திரளைப் பொருளியல் உண்மையாக இவ்வளவு திண்மையோடு கற்பனை செய்த இன்னோர் ஆவணம் அக்காலத்தில் காண்பதரிது.

திட்டம் நடக்கவில்லை, 1921 செப்டம்பரில் பாரதி மறைந்தார். தமிழர் பாரதியை வாங்கவில்லை என்பது இதையொட்டி மேடைகளில் சொல்லப்படும் தீர்ப்பு. அது பிழை. அந்நூல்கள் அச்சாகவே இல்லை. ஆதலின் வாங்கப்படுமா என்னும் சோதனையே நிகழவில்லை. பாரதியின் திட்டம் சந்தையில் தோற்கவில்லை. சந்தைக்குப் போகுமுன், தெரிந்தவர்களின் வாயிலிலேயே நின்றுபோயிற்று. அவருக்கு வாசகர்த் திரள் இருந்திருக்கக்கூடும் என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் அவருடைய தேசபக்திப் பாடல்கள் சிலவற்றை 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அங்கே படிப்பவர் இருந்தனர், வருவாய் இல்லை. 1920இல் வருவாய்க் கணக்கு இருந்தது; படிப்பவரிடம் கொண்டுசேர்க்க முதல் இல்லை. 1949இல் பாரதி படைப்புகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு பெற்று, பின்னர் பொதுவுடைமையாக்கியது. அதன்பின் மலிவுப் பதிப்புகள் பெருகின. அவை விலைபோன வேகத்தைப் பார்த்தால் தீப்பெட்டி உவமையில் மிகை குறைவு என்றே தோன்றுகிறது.

4

சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். இதழ் 1970 வரை 119 எண்கள் வெளிவந்தது. 2,000 படிகளுக்கு மேல் அச்சிடப்போவதில்லை என்பது அவர் அறிவித்த எல்லை. அந்த எல்லையை இதழ் ஒருபோதும் எட்டவில்லை என்பதால் அவ்வறிவிப்பை வேடிக்கையாகச் சுட்டுவோர் உண்டு. எனக்கு அதில் நகைப்புக்கு இடமிருப்பதாகத் தோன்றவில்லை. பாரதியின் 10,000க்கு எதிர்நிலையில் வைத்துப் பார்த்தால் 2,000 என்பது பணிவின் எண்ணன்று, ஒரு கோட்பாட்டின் எண். இலக்கியத்தைத் தாங்க எத்தனை பேர் வேண்டும் என்னும் வினாவுக்குத் தமிழில் இலக்கம் போட்டு விடை சொன்ன முதல் இதழாசிரியராக அவரைக் கருதலாம். வாசகர் பெருகப் பெருக எழுத்தின் தரம் பற்றிய பொறுப்பு இதழாசிரியரின் கையைவிட்டுப் போகும் என்பது அதன் உட்பொருள். விகடன், கல்கி ஆகியவற்றின் பெருவிற்பனைக் காலத்தில் சொல்லப்பட்டது என்பதால் அது விமரிசனமும் ஆயிற்று.

அச்சிறு வட்டம் விளைத்தவை இன்று பாடத்திட்டங்களில் உள்ளன. ந. பிச்சமூர்த்தியின் கவிதைகளுக்கு இரண்டாம் பிறவி அங்கேதான் கிடைத்தது. பசுவய்யா, சி. மணி, எஸ். வைதீஸ்வரன், திருகோணமலையிலிருந்து எழுதிய தருமு சிவராமு, திறனாய்வில் வெங்கட் சாமிநாதன் ஆகியோர் அவ்விதழ்வழித் தெரியவந்தவர்கள். 1962இல் வெளிவந்த ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு அவ்வட்டத்தின் அறுவடை. இவ்வளவும் சில நூறு சந்தாக்களின் மேல் நின்றன. எஞ்சியதைச் செல்லப்பா தம் குடும்பத்தின் வாழ்விலிருந்து ஈடுசெய்தார். இதழைத் தாங்கியவர்களின் பட்டியலில் அவர் மனைவியின் பெயர் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

பின்னர் அவர் எழுத்து பிரசுர நூல்களை மூட்டையாகக் கட்டிச் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். இக்காட்சி தமிழ்ச் சிற்றிதழ் வரலாற்றின் தியாகப் படிமமாகவே நிலைத்துவிட்டது. ஆயினும் அவர் எங்குச் சென்றார் என்பதைக் கேட்பது தேவை. சென்றது கல்லூரிகளுக்கு, விற்றது தமிழ்த்துறை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும். இவ்விதழைப் படிக்கும் நம் முன்னோடிகளே அந்த வாசல்களில் நின்றவர்கள். சிலர் வாங்கினர், சிலர் வாங்கவில்லை. நவீன இலக்கியத்தைத் தமிழ்த்துறைகள் ஏற்றதும் மறுத்ததும் பாடத்திட்டக் குழுக்களில் மட்டும் நடந்தவை அல்ல, கல்லூரித் தாழ்வாரங்களில் ரொக்கமாகவும் நடந்தன. 1997இல் ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகங்களாகத் தம் செலவில் வெளியிட்டபோது அவருக்கு வயது 85. சாகித்திய அகாதெமி விருது அவர் மறைவுக்குப் பின் 2001இல் அந்நாவலுக்கு வந்தது.

செல்லப்பாவின் வழியைத் தனிமனிதப் பிடிவாதமாகச் சுருக்கிவிடாதிருக்க, கடலுக்கு அப்பாலிருந்த ஒரு துணைச்சான்றையும் இங்குக் கருதலாம். யாழ்ப்பாணத்தில் 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’ நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வந்தது. முடிதிருத்தும் நிலையத்திலிருந்து இதழ் நடத்தியவர் அவர். படிகளைத் தாமே கையில் எடுத்துக்கொண்டு தெருவில் விற்றவர். சாதி ஒடுக்குமுறைக்கு எதிராக எழுதிய ஒருவர் தம் இதழை நேரில் நீட்டும்போது வாங்குபவரும் ஒரு நிலைப்பாட்டை எடுத்தாக வேண்டியிருக்கிறது. அங்கேயும் வாங்கியவர் இதழை மட்டும் வாங்கவில்லை. தந்தவரைக் கண்டே வாங்கினார். செல்லப்பாவும் ஜீவாவும் அழகியலிலும் அரசியலிலும் எதிரெதிர் முகாம்களில் நிற்பவர்கள். பொருள் கேட்ட முறையில் உறவினர்கள்.

இடையில் மூன்றாவதாக ஒரு புரவலர் வந்தார் என்பதையும் குறிக்க வேண்டும்: பொது நூலகத் துறை. நூலக ஆணை கிடைக்குமா என்பதை வைத்து நூலின் படி எண்ணிக்கை முடிவு செய்யப்பட்ட நெடுங்காலம் தமிழ்ப் பதிப்புலகில் இருந்தது. அரசு காணாது தந்தது. ஆனால் அதைப் பெறுவதற்கு அலுவலகங்களில் பலரைக் காண வேண்டியிருந்தது. கல்விப்புலத்திலோ பரிசிலின் திசையே தலைகீழாகிவிட்டது. கட்டுரை வெளியாக ஆய்வாளரே கட்டணம் செலுத்தும் இதழ்கள் பெருகியுள்ள காலத்தில், எழுத்தாளரின் வருவாய் பற்றி ஆய்வு மாணவர் எழுதுவதில் சற்று முரண் இருக்கத்தான் செய்கிறது.

5

இணையம் வந்தபோது பாரதியின் 4 லட்சம் கைகள் இறுதியில் கிட்டிவிட்டதாக நம்பப்பட்டது. 1998இல் மதுரைத் திட்டம், 1999இல் ‘திண்ணை’, அடுத்த பத்தாண்டில் எண்ணிறந்த தனிப்பக்கங்கள் என எழுத்து பெருகியது. ‘இணையத் தமிழ்’ என்னும் தலைப்பில் நம் துறைகளில் எழுதப்படும் ஆய்வேடுகள் பெரும்பாலும் எழுத்துருவின் வரலாறு, ஒருங்குறியின் நன்மை, தளங்களின் பட்டியல் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. பணம் பற்றிய வினா அவற்றில் எழுவதில்லை. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் தமிழ்ப் பக்கங்களை ஏற்றது 2018இல்தான். தமிழ் இணைய எழுத்து முதலில் செழித்த காலம் முழுவதும் விளம்பர வருவாய் என்னும் வாயில் அதற்குச் சாத்தப்பட்டிருந்தது என்பதே இதன் பொருள். அவ்வாயில் திறந்தபோது வாசகரில் பெரும்பகுதியினர் சமூக ஊடகங்களுக்குப் பெயர்ந்துவிட்டிருந்தனர். அந்த ஆண்டுகளில் எழுதியோரை ‘ஆர்வலர்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஊதியம் பெற வழியில்லாதவரை ஆர்வலர் என அழைப்பது வசதியான சொல்லாட்சி.

வழி கண்டவர்கள் பழைய வழியையே கண்டனர். ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை அவர் இணையதளத்தில் நாள்தோறும் கட்டணமின்றி வெளிவந்தது. ‘முதற்கனல்’ தொடங்கி ‘முதலாவிண்’ வரை 26 நாவல்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதையே அச்சில் செம்பதிப்பாக முன்பதிவு செய்து வாங்கும் ஒரு வட்டமும் உருவாயிற்று. அவ்வட்டம் நூலைப் படிப்பதற்காக வாங்கவில்லை, முன்னமே படித்துவிட்டிருந்தது. உ.வே.சா.வின் கையொப்பக்காரர் படிக்காமலே வாங்கியிருக்கக்கூடும். இவர்கள் படித்தபின் வாங்கினர். இருவரும் செய்தது ஒப்பமிடுதலே. சாரு நிவேதிதா தம் தளத்தில் வாசகரிடம் வெளிப்படையாகவே பணம் கேட்டார். எழுத்தாளன் பணம் கேட்பதா என எழுந்த கூச்சல், பரிசில் கடாநிலை என்னும் துறையைத் தேர்வுக்காக மட்டும் படித்த சமூகத்தின் கூச்சல். கேட்ட முறையில் மரபை மீறியவர் அவரல்லர்; மரபை மறந்தவர்கள் நாம்.

இணையம் மாற்றியது வேறொன்றை. கையொப்பமிட்டவரும் எழுதியவரும் இப்போது நாள்தோறும் ஒருவர் கண்ணில் ஒருவர் படுகின்றனர். வாசகர் கடிதம் எழுதுகிறார், எழுத்தாளர் அதை மறுமொழியோடு வெளியிடுகிறார், அக்கடிதங்கள் படைப்புக்குப் பக்கத்திலேயே நிலையாகக் கிடக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களின் முகப்பில் இருந்த சாற்றுகவிகளின் பணியை அவை செய்கின்றன. சாற்றுகவி பாடியவரும் கற்றவரே. நூலை மெய்யாகவே மதித்தவரே. ஆனால் அதிலிருந்து நூலின் குறையை அறிய முடியாது. அச்செய்யுள் வகையின் இலக்கணம் அதற்கு இடந்தராது. இன்று ஓர் எழுத்தாளரைத் தாங்கும் வட்டத்துக்குள்ளிருந்து அவரைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில், படைப்பின் ஓர் அதிகாரம் தளர்கிறது என்று சொல்லும் வரியைத் தேடிப் பார்த்தால் இடர்ப்பாடு விளங்கும். வட்டத்துக்கு வெளியிலிருந்து எழுதப்படுபவை மறுபுறம் வசையாகச் சரிகின்றன. ‘எழுத்து’ இதழில் எழுதியவர்கள் ஒருவரையொருவர் கடுமையாக மறுத்தனர். அங்கு இதழைத் தாங்கிய சந்தாவுக்கும் தனியோர் எழுத்தாளருக்கும் இடையில் இதழ் என்னும் சுவர் இருந்தது. சந்தாதாரர் செல்லப்பாவின் கதையை விரும்பாமலேயே இதழுக்குச் சந்தா கட்டலாம். எழுத்தாளரே இதழாகும்போது அந்தச் சுவர் இல்லை.

எழுத்தாளர் இரந்து வாழ வேண்டும் என்றோ, வட்டங்கள் கலைய வேண்டும் என்றோ இதற்குப் பொருள் கொள்ளலாகாது. தாங்கும் வட்டம் இல்லாமல் 26 நாவல்கள் வந்திரா. ஆனால் திறனாய்வைத் தாங்கும் வட்டம் எது என்பது விடையின்றி நிற்கிறது. நாவலாசிரியருக்கு ஒப்பமிடும் வாசகர், அவரை மறுத்து எழுதும் திறனாய்வாளருக்கு ஒப்பமிடுவதில்லை. சம்பளம் பெறும் பேராசிரியர் அவ்விடத்தை நிரப்பக்கூடியவர். யாருடைய சந்தாவையும் நம்பி அவர் எழுத வேண்டியதில்லை. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இன்றைய எழுத்தைப் பற்றி வெளியிடுபவற்றுள் அவ்வுரிமை எவ்வளவு பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்பதை ஒரு பருவத்தின் கருத்தரங்கத் தொகுப்பைப் புரட்டினாலே அறியலாம். யாரும் பணம் கொடுக்காத இடத்திலும் நாம் சாற்றுகவியே பாடிக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஆய்வைத் தொடர விரும்புவோருக்கு மூலங்கள் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய நூல்களை மறுபதிப்புச் செய்வோர் பலர் மூல நூலின் கடைசித் தாள்களை விட்டுவிடுகின்றனர். கையொப்பக்காரர் பெயர்கள், அடுத்து வரவிருக்கும் நூல்களின் விளம்பரம், பணம் அனுப்ப வேண்டிய முகவரி ஆகியன இருப்பது அத்தாள்களில். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் முதற்பதிப்பையே எடுத்துப் பார்த்தால்தான் அவை கிடைக்கும். இணைய எழுத்துக்கு அத்தகைய கடைசித் தாளே கிடையாது. முன்பதிவு செய்தவர்கள் யார், எவ்வளவு பேர், எந்த ஊர்களிலிருந்து என்னும் விவரங்கள் பதிப்பகக் கணினிகளிலும் வங்கிக் கணக்குகளிலும் உள்ளன. தளங்கள் மூடப்படுமுன், பெயர்களை மறைத்தேனும், அவ்விவரங்களைக் கேட்டுப் பெற்றுத் தொகுக்கும் ஆய்வேடு ஒன்று இதுவரை எழுதப்பட்ட எழுத்துரு வரலாறுகளைவிடப் பயன்படும்.